கவுன்டி காலேஜில் படிப்பதை ஏன் மறைத்துப் பேச வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டாலஸ் பக்கத்தில் இர்விங் என்ற ஊரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கங்களை இணையத்தில் விடாமல் படிக்கிறவள். பிளஸ் டூ முடிவு வரும் சமயத்தில் அமெரிக்கப் படிப்பைப் பற்றி நிறைய எழுதுகிறீர்கள், ஹார்வர்டு, ஸ்டான்போர்டு, எம்.ஐ.டி. என்று பெயர்கள் வரும், ஜிஆர்இ மதிப்பெண் வரும், கல்விக் கடன் வாங்கும் வழி வரும். ஆனால் இந்த நாட்டில் லட்சக்கணக்கான சாதாரண வீட்டுப் பிள்ளைகள் பள்ளி முடித்ததும் முதலில் போய்ச் சேருகிற கம்யூனிட்டி காலேஜ், அதாவது உள்ளூர் வரிப்பணமும் சேர்ந்து நடக்கும், முதல் இரண்டு வருடப் படிப்பைத் தரும் காலேஜ் பற்றி ஒரு பத்திகூட நான் பார்த்ததில்லை. அதனால் ஊரில் இருக்கும் பெற்றோருக்கு மட்டுமல்ல, இங்கேயே வீடு வாங்கி, வரி கட்டி, பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்கும் அது ஏதோ மார்க் எடுக்காதவர்கள் போகும் இடம் என்ற எண்ணம் ஊறிப் போய்விட்டது. அந்த எண்ணம் தப்பு, அதனால் நம்மவர்கள் பணத்தையும் வருடங்களையும் இழக்கிறார்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்குத் தெரிந்த காலேஜையே சொல்கிறேன், டாலஸ் காலேஜ். கவுன்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி, டாலஸ் கவுன்டியில் 2020 கணக்கெடுப்புப்படி 26 லட்சம் பேர். அத்தனை பேருக்கும் பொதுவான காலேஜ் இது, ஏழு வளாகங்கள். 1965இல் கவுன்டி வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு உருவாக்கிய அமைப்பு. அடுத்த வருடமே டாலஸ் நகரின் நடுவில், சாங்கர் என்ற பழைய ஜவுளிக்கடைக் கட்டடத்தில் எல் சென்ட்ரோ என்ற பெயரில் முதல் காலேஜைத் திறந்துவிட்டார்கள். புதுக் கட்டடம் எழும்பட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்கவில்லை. 1970இல் ஈஸ்ட்ஃபீல்டும் மவுன்டன் வியூவும் வந்தன, 1972இல் ரிச்லேண்ட், 1977இல் சீடர் வேலியும் எங்கள் இர்விங்கில் நார்த் லேக்கும், 1978இல் புரூக்ஹேவன். கவுன்டியின் எந்த மூலையில் இருந்தாலும் போய் வரக்கூடிய தூரத்தில் ஒன்று இருக்க வேண்டும் என்ற கணக்கு. நிறுவனங்களின் நிர்வாகத் தரத்துக்காக அமெரிக்காவில் தரப்படும் மால்கம் பால்ட்ரிஜ் தேசிய தர விருதை ரிச்லேண்ட் 2005இல் வாங்கியது. அமெரிக்காவில் அந்த விருதை வாங்கிய முதல் கம்யூனிட்டி காலேஜ் அதுதான். மட்டமான இடம் என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2020 வரைக்கும் இவை ஏழும் தனித்தனி அங்கீகாரம் பெற்ற காலேஜ்கள். அதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாடம், ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு பாடம், சனிக்கிழமை கிடைத்த இடத்தில் இன்னொன்று என்று எடுப்பார்கள். பட்டம் தர வேண்டுமானால் மொத்தக் கிரெடிட்டில் (பாடங்களின் அளவை எண்ணும் அலகு) கால் பங்காவது அந்த ஒரே காலேஜில் படித்திருக்க வேண்டும் என்று விதி. தேவையான பாடம் எல்லாம் முடித்தும், அவை சிதறிக் கிடந்த காரணத்தால் பட்டம் கைக்கு வராமல் நின்றவர்கள் உண்டு. ஏழையும் ஒரே காலேஜாக 2020இல் இணைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். படிக்கிறவன் எப்படி வாழ்கிறானோ அதற்குத் தகுந்தபடி காலேஜ் தன்னை மாற்றிக்கொண்டது என்பதை நான் சொல்லாமல் விட மாட்டேன், எல்லா இடத்திலும் சொல்வேன்.

செலவைச் சொல்கிறேன், நம் ஆட்கள் முதலில் கேட்பது அதைத்தானே. இணைப்பு நடந்த 2020இல் கவுன்டியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு கிரெடிட்டுக்கு 79 டாலர் என்று வைத்தார்கள், பாடப்புத்தகமும் அதிலேயே அடக்கம். அந்தக் கணக்கில் 60 கிரெடிட், அதாவது முதல் இரண்டு வருடப் படிப்பு முழுவதும் 4,740 டாலர். கட்டணம் அவ்வப்போது மாறும், சேரும் வருடத்துக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இங்கே இருக்கும் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒரே ஒரு வருடக் கட்டணமே இந்த இரண்டு வருடத் தொகையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. பங்கேற்கும் பள்ளிகளில் முடிக்கிற பிள்ளைகளுக்கு 'டாலஸ் கவுன்டி பிராமிஸ்' என்ற திட்டம் உண்டு, கட்டணமே இல்லாமல் படிக்கலாம், மார்க் வரம்பு கிடையாது, நிதியுதவி விண்ணப்பத்தைக் காலத்தில் போட வேண்டும். போக்குவரத்துக்கு டார்ட் என்ற டாலஸ் வட்டாரப் பொதுப் போக்குவரத்தின் ரயில், பஸ் பாஸும் தகுதியுள்ள மாணவர்களுக்குத் தருகிறார்கள். நார்த் லேக் வளாகத்தை ஒட்டியே ஆரஞ்சு தட ரயில் நிற்கிறது, எல் சென்ட்ரோவுக்கு வெஸ்ட் எண்ட் ஸ்டேஷனில் இறங்கினால் போதும். அமெரிக்காவில் கார் ஓட்டத் தெரியாத, அல்லது இன்னும் கார் வாங்காத ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே வந்து முதல் வருடம் வீட்டுக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இவ்வளவு குறைவாக எப்படித் தர முடிகிறது என்றால், நாம்தான் கட்டுகிறோம். சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், கவுன்டிக்கு, பள்ளிக்கு, மருத்துவமனைக்கு என்று வரிசையாக வருவதில் காலேஜுக்கும் ஒரு வரி இருக்கும். வீட்டு மதிப்பில் 100 டாலருக்கு 10, 12 சென்ட் என்ற அளவில். வாடகைக்கு இருப்பவர்களும் வாடகை வழியாக அதைக் கட்டத்தான் செய்கிறார்கள். வேலி ராஞ்ச், லாஸ் கொலினாஸ், காப்பல் என்று நம்மவர்கள் கூட்டமாக இருக்கும் பகுதிகளில் வருடா வருடம் இந்தக் காலேஜுக்குப் பணம் போய்க்கொண்டிருக்கிறது, பிள்ளைகளை மட்டும் அங்கே அனுப்புவதற்குக் கூச்சப்படுகிறார்கள். எங்கள் குடியிருப்பில் ஒரு பையன், கெட்டிக்காரன், முதல் இரண்டு வருடம் நார்த் லேக்கில் படித்தான். அவன் அம்மா கோவிலில் யார் கேட்டாலும் "யு.டி. டாலஸ்" (இங்கே இருக்கும் அரசுப் பல்கலைக்கழகம்) என்றே சொல்வார், அவன் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொள்வான். இரண்டு வருடம் கழித்து அவன் உண்மையிலேயே யு.டி. டாலஸில் மூன்றாம் வருடத்தில் சேர்ந்தான், கடன் ஒரு டாலர்கூட இல்லாமல். அந்த இரண்டு வருடம் அவன் தலை குனிந்து நின்றானே, அதற்கு அவசியமே இல்லை.

கம்யூனிட்டி காலேஜிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சந்தேகம் எல்லாம் இங்கேதான். டெக்சஸில் எல்லா அரசுக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 42 கிரெடிட் பொதுப் பாடத்தொகுப்பு ஒன்றை வைத்திருக்கின்றன, ஆங்கிலம், கணிதம், அறிவியல், அமெரிக்க வரலாறு, அரசியல் எல்லாம் அதில் வரும். ஓரிடத்தில் அதை முழுக்க முடித்துவிட்டால் மாநிலத்தின் மற்ற அரசுப் பல்கலைக்கழகம் அதை ஏற்றாக வேண்டும். பாட எண்களும் ஒரே மாதிரி: முதல் கால்குலஸ் பாடம் பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்களில் கணிதம் 2413தான். முதல் எண் இரண்டு என்றால் இரண்டாம் வருட நிலைப் பாடம், அடுத்த எண் நான்கு என்றால் நான்கு கிரெடிட். ஊரில் டிப்ளமா முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் வருட பி.இ.யில் சேருகிறார்களே, அதை நாம் யாரும் கேவலமாக நினைப்பதில்லை. இதுவும் அந்த வழியைச் சேர்ந்ததுதான், இன்னும் அகலமான வழி.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். கிரெடிட்டை ஏற்பது வேறு, நீங்கள் எடுக்கப்போகும் மேஜருக்கு, அதாவது முக்கியப் பாடத்துக்கு, அது கணக்கில் வருவது வேறு. கம்ப்யூட்டர் சயின்ஸ், பொறியியல், பிசினஸ் எல்லாம் குறிப்பிட்ட பாடத்தைக் குறிப்பிட்ட வரிசையில் கேட்பார்கள், அதைப் பார்க்காமல் கிடைத்ததை எல்லாம் எடுத்தால் 60 கிரெடிட் கையில் இருந்தும் பல்கலைக்கழகத்தில் போய் மறுபடி ஒரு வருடம் உட்கார வேண்டி வரும். முதல் பருவத்திலேயே போக விரும்பும் பல்கலைக்கழகத்தின் மாறுதல் வழிகாட்டியை எடுத்துவைத்துக்கொண்டு, ஆலோசகரைப் பார்த்து, ஒவ்வொரு பாடத்தையும் அதோடு ஒப்பிட்டு எடுக்க வேண்டும். ஆலோசகர் ஒருவருக்குப் பல நூறு மாணவர்கள், அவரே எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடக் கூடாது. அதேபோல, சேருகிற எல்லாரும் முடிக்கிறார்கள் என்றும் இல்லை. வேலை, குழந்தை, வாடகை என்று நடுவில் விட்டுப்போகிறவர்கள் நிறையப் பேர், இது இந்த நாட்டின் எல்லா கம்யூனிட்டி காலேஜ்களுக்கும் உள்ள வேதனை. வீட்டில் சோறும் தங்க இடமும் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு அந்தத் தடைகளில் பாதி கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளைகள்தான் இதைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

இப்போது எனக்கு ரொம்ப முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எச்-4 விசாவில் வந்த பெண்கள்.

ஆசிரியர் அவர்களே, இந்தக் கவுன்டியில் அபார்ட்மென்ட் அபார்ட்மென்ட்டாக பி.இ., எம்.எஸ்சி., எம்.சி.ஏ. படித்த நம் பெண்கள் வீட்டில் இருக்கிறார்கள். கணவருக்கு எச்-1பி என்ற வேலை விசா, இவர்களுக்கு அவரைச் சார்ந்து வருகிறவர்களுக்கான எச்-4, வேலை பார்க்க அனுமதி இல்லை. கிரீன் கார்டுக்காக வேலை கொடுத்தவர் போடும் ஐ-140 மனு ஏற்கப்பட்டவர்களின் துணைவர்களுக்கு 2015 முதல் வேலை அனுமதி கிடைக்க வழி வந்தது, அதற்கும் சில வருடம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் பெண்கள் நொந்துபோகிறார்கள். "எச்-4இல் எதுவுமே செய்ய முடியாது" என்று ஒருவர் சொல்ல, அடுத்தவர் நம்ப, ஊரில் இருக்கும் அம்மாவிடமும் அதையே சொல்லி, அம்மாவும் "சரி விடும்மா, குழந்தையைப் பாரு" என்கிறார். எச்-4இல் படிக்கலாம். விசாவை மாற்ற வேண்டியதே இல்லை. பகுதி நேரமும் படிக்கலாம், முழு நேரமும் படிக்கலாம். டெக்சஸில் ஒரு வருடம் வசித்து, குடியிருப்பு விதிகள் கேட்கும் ஆதாரங்களைக் கொடுத்தால் வெளிநாட்டு மாணவர் கட்டணம் இல்லாமல் உள்ளூர்க் கட்டணத்திலேயே படிக்க வழி இருக்கிறது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகத் தேடிக் கண்டுபிடித்தேன், அதற்குள் கொஞ்ச காலம் வீணாகப் போய்விட்டது, அந்தக் காலத்தை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

நான் திருநெல்வேலியில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவள். நர்சிங் போக வேண்டும் என்று இங்கே உடற்கூறியல் பாடம் எடுத்தேன், உயிரியல் 2401. லேப் மேசைக்கு நான்கு பேர். என் மேசையில் ஆஸ்பத்திரியில் உதவியாளராக வேலை பார்க்கும் மெக்சிகோ வம்சாவளி அம்மா ஒருவர், வேலை உடுப்போடு நேரே வகுப்புக்கு வருவார். ஒரு நேபாளத்துப் பையன். பள்ளியில் பதினொன்றாவது படித்துக்கொண்டே இரட்டைக் கிரெடிட்டில் இங்கேயும் படிக்கும் ஒரு சின்னப் பெண். பரீட்சைக்கு முன்னால் பிளாஸ்டிக் எலும்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருவர் கண்ணை மூட மற்றவர் கையில் ஒரு எலும்பை வைப்போம், தொட்டுப் பார்த்தே பெயரும் வலமா இடமா என்றும் சொல்ல வேண்டும். மணிக்கட்டில் எட்டு சின்ன எலும்புகள், அதில் பட்டாணி அளவுக்கு உருண்டையாக இருக்கும் பிசிஃபார்மை மட்டும் எல்லாரும் சொல்லிவிடுவோம், மற்ற ஏழும் கழுத்தறுக்கும். அந்த அம்மாதான் எங்கள் எல்லாரையும்விட வேகம், ஏனென்றால் அவர் தினமும் நோயாளிகளைத் தூக்கி உட்கார வைக்கிறவர், எந்த எலும்பு எங்கே வலிக்கும் என்று அவருக்குக் கைக்கே தெரிந்திருந்தது. அந்த மேசையில் யாரும் யாரையும் "நீ ஏன் இங்கே வந்தாய்" என்று கேட்கவில்லை. நம்மவர்கள் மட்டும்தான் என்னிடம் கேட்டார்கள், "டிகிரி இருக்கே, அப்புறம் எதுக்குக் கம்யூனிட்டி காலேஜ்?"

நர்சிங் ஒன்றுதான் என்று இல்லை. எல் சென்ட்ரோவில் மருத்துவத் துறைப் படிப்புகள், சீடர் வேலியில் கால்நடை மருத்துவ டெக்னீஷியன் படிப்பு, புரூக்ஹேவனில் வாகனப் பொறி பழுதுபார்ப்பு, எல்லா வளாகத்திலும் கணக்கியல், கம்ப்யூட்டர். சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர் படிப்பில் 2021 முதல் நான்கு வருட இளநிலைப் பட்டமே தருகிறார்கள். மாண்டிசோரி பள்ளிகளில் உதவியாளராகப் போக நினைக்கும் நம் பெண்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஊரில் இருந்து பிள்ளையை நேரடியாக எப்-1 என்ற மாணவர் விசாவில் அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நான் மேலே சொன்ன கட்டணம் உங்களுக்குப் பொருந்தாது. வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் கூடுதல், தங்குவது, சாப்பாடு, காப்பீடு எல்லாம் தனி, காலேஜுக்கு வெளியே இஷ்டப்படி வேலை பார்க்கவும் முடியாது. நான்கு வருடமும் பல்கலைக்கழகத்தில் படிப்பதைவிட இது மலிவாக வரலாம், ஆனால் கவுன்டிவாசிக்குக் கிடைக்கும் லாபம் கிடைக்காது. யாராவது ஏஜென்ட் "79 டாலர்தான்" என்று சொன்னால் அது யாருக்கான, எந்த வருடத்து விலை என்று கேளுங்கள். அதேபோல பிளேனோ, பிரிஸ்கோவில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அவை பெரும்பாலும் காலின் கவுன்டி, அங்கே காலின் காலேஜ் என்று வேறு காலேஜ், வேறு வரி, வேறு கட்டணம்.

இந்தக் காலேஜை நடத்துவது ஏழு பேர் கொண்ட அறங்காவலர் குழு. கவுன்டியை ஏழு தொகுதியாகப் பிரித்து, தொகுதிக்கு ஒருவர், ஆறு வருடப் பதவி, மக்கள் ஓட்டில் வருகிறவர்கள். குடியுரிமை வாங்கிவிட்ட நம்மவர்கள் ஜனாதிபதி தேர்தலுக்கு ராத்திரி முழுக்க டிவி பார்க்கிறார்கள், இந்தத் தேர்தல் நடப்பதே தெரியாமல் போகிறது. எந்த வளாகத்தில் எந்தப் படிப்பு, எவ்வளவு கட்டணம், எவ்வளவு வரி என்று முடிவு செய்கிறவர்கள் இவர்கள். 2023இல் டெக்சஸ் சட்டமன்றம் நிறைவேற்றிய எட்டாம் எண் மசோதாவுக்குப் பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. முன்பு மாநில அரசின் பணம் பெரும்பாலும் எத்தனை பேர் எத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தார்கள் என்பதை வைத்து வந்தது. இப்போது எத்தனை பேர் பயனுள்ள சான்றிதழோ பட்டமோ வாங்கினார்கள், எத்தனை பேர் 15 கிரெடிட் முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்கள் என்று பார்த்துத் தருகிறார்கள். நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரே ஒரு ஆங்கில வகுப்புக்காக வரும் பாட்டியை, மெதுவாகப் படிக்கும் அம்மாவை யாரும் கைவிட்டுவிடக் கூடாது, அதைக் கேட்பதற்கும் ஆள் வேண்டும்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. சின்ன வயதில் ஆவணம் இல்லாமல் பெற்றோரோடு வந்து, இங்கேயே பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு உள்ளூர்க் கட்டணம் தரும் சட்டத்தை டெக்சஸ் 2001இல் கொண்டுவந்தது, நாட்டிலேயே முதல் மாநிலங்களில் ஒன்று. 2025 ஜூனில் மத்திய அரசு வழக்குப் போட, மாநில அரசு எதிர்த்து நிற்காமல் ஒத்துக்கொள்ள, நீதிமன்றம் அதை நிறுத்திவிட்டது. காலேஜில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஒரே பருவத்தில் கட்டணம் பல மடங்கு ஏறினால் அவன் எங்கே போவான்? விசா வரிசையில் நிற்கும் நமக்கு இது அந்நியமான கவலை என்று நான் நினைக்கவில்லை, நம் பிள்ளைகளும் 21 வயதில் எச்-4 நிலையை இழக்கிறவர்கள்தான்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அமெரிக்கப் படிப்பு பற்றி அடுத்த முறை பக்கம் ஒதுக்கும்போது, அரைப் பக்கமாவது கம்யூனிட்டி காலேஜுக்குக் கொடுங்கள். எச்-4 பெண்கள் படிக்கலாம் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள், ஏனென்றால் இங்கே இருக்கும் பெண் பேப்பர் பார்க்காவிட்டாலும் அவள் மாமியாரும் அம்மாவும் உங்கள் பேப்பரைக் காலையில் படிக்கிறார்கள், அவர்கள் ஒரு வார்த்தை "போய்ப் படியேன்" என்று சொன்னால் பாதித் தயக்கம் போய்விடும். ஆகஸ்ட் கடைசியில் புதுப் பருவம் தொடங்குகிறது. குடியிருப்பு ஆதாரம், தடுப்பூசிச் சான்று, ஊர்ப் பல்கலைக்கழகத்து மார்க் ஷீட் இவற்றைச் சேகரிக்கவே ஒன்றிரண்டு மாதம் ஆகும், அதனால் ஜூன் மாதத்துக்குள் நீங்கள் எழுதினால் இந்த வருடமே சிலர் சேர்ந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
இர்விங், டெக்சஸ்